நெற்றிப்பொட்டில் ஒட்டாத மாத்திரை

1

இந்த ஊருக்கு நான் வந்து இருபத்தைந்து வருஷம் ஆனதைக் கொண்டாட என் ஆய்வுக்கூடத்தார் மூளை வடிவத்தில் ஒரு கேக் கொண்டுவந்தார்கள். பாதாம் மாவை மடிப்பு மடிப்பாகப் பிழிந்து சாம்பல் நிறம் பூசியிருந்தார்கள். பார்த்தால் சாப்பிடவே தோன்றாது. வலப்பக்கத்தை மட்டும் கரண்டியால் அழுத்திச் சப்பையாக்கியிருந்தார்கள். என் கண்டுபிடிப்புக்குச் செய்த மரியாதையாம்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு விளங்கச் சொல்கிறேன். நான் மருத்துவன் இல்லை, இயற்பியல் படித்தவன். எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுக்கிறவர்களின் மூளையைப் படமெடுத்து, அந்தப் படங்களை அளந்து காலம் தள்ளுகிறேன். நினைவுகளைச் சேர்த்துவைக்க மூளையில் சுண்டுவிரல் அளவு ஒரு பகுதி உண்டு, இடது வலது என இரண்டு பக்கமும். மறதி நோய் தொடங்குகிறவர்களுக்கு இடப்பக்கம்தான் முதலில் சுருங்கும் என்று இங்கே எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனிக்கு வந்த புதிதில், ஆராய்ச்சி மாணவனாக, வலப்பக்கம்தான் என்று நான் ஒரு கட்டுரை எழுதினேன். எதிர்பார்த்ததையே சொன்னால் எவன் திரும்பிப் பார்ப்பான்? என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வேலை நிரந்தரமானது, ஜன்னல் வைத்த அறை கிடைத்தது. அந்த ஒரு கட்டுரையை வைத்துத்தான் இத்தனை காலமும் சாப்பிடுகிறேன்.

எங்கள் இயக்குநர் எழுந்து பேசினார். இருபத்தைந்து வருஷமாக என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. ஏழுமலையை ‘எட்ஸுமலாய்’ என்றார், இரண்டு தடவை முயன்றுவிட்டு வழக்கம்போல ‘ஹெர் முனுசாமி’க்கு மாறிக்கொண்டார். ஹெர் என்றால் திரு. முனுசாமி என் அப்பா. பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில், தோலைப் போட்டுச் சுழற்றிப் பதப்படுத்தும் டிரம்மை ஓட்டியவர். அங்கே அவரைத் திரு போட்டு ஒருவனும் கூப்பிட்டதில்லை. இந்த நாட்டுப் படிவங்களில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. எனக்கு ஏது குடும்பப் பெயர், அப்பா பெயரை அதில் போட்டேன். அன்றிலிருந்து வரி அலுவலகம், வங்கி, மின்சாரக் கம்பெனி எல்லாம் அவருக்குத்தான் மரியாதையாகக் கடிதம் போடுகின்றன. அவர் செத்துப் பத்து வருஷமாகிறது. நான் பிரித்துப் படிக்கிறேன்.

பிறகு என் மாணவி லேனா எழுந்து, ஒரு பரிசு இருக்கிறது என்று திரையைப் போட்டாள். நான் வந்த முதல் வருஷத்தில் சோதனைக்காக எடுத்த என் மூளைப் படம். கிடங்கில் எங்கேயோ கிடந்ததைத் தேடி எடுத்திருக்கிறாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

இந்தப் படங்களின் ஓரத்தில் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அது நிற்கும் பக்கம் வலது என்று பொருள். அந்த எழுத்திருந்த பக்கத்தில், மிளகளவு ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது.

“என்ன அது, மச்சமா?” என்று ஒருவன் கேட்க, அறையே சிரித்தது. இவர்களுடைய நகைச்சுவை அந்த உயரத்துக்கு மேல் ஏறாது. நானும் சிரித்து வைத்தேன். கேக் வெட்டும் கத்தி கையிலேயே இருந்தது. அந்தப் புள்ளி என்னவென்று எனக்குத் தெரியும். அது இருக்கவேண்டியது இடப்பக்கத்தில்.

2

ஒன்பது வயதில் எனக்கு வலிப்பு வந்தது, பள்ளிக்கூடப் பிரேயரில். கண் விழித்தபோது மூக்கின்மேல் ஒரு செருப்பு இருந்தது. எங்கள் பக்கத்தில் வலிப்புக்கு முதலுதவி அதுதான். தோல் செருப்பை முகர வைப்பார்கள், கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். தோல் வாசனைக்கு வலிப்பு நிற்குமானால் பேரணாம்பட்டில் ஒருவனுக்கும் அது வந்திருக்கக் கூடாது. அந்த ஊரின் காற்றே ஊறவைத்த தோல்தான். சாயங்காலம் அப்பா வீட்டுக்குள் நுழைந்தால் முழுத் தோல் ஷாப்பும் கூடவே நுழையும். அவரையே கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தால் போதுமே, செருப்பு எதற்கு என்று அன்று நினைத்திருக்கிறேன். அவர் இருந்தபோது இதை அவரிடம் சொல்லிச் சிரித்திருக்கலாம்.

மூன்றாவது முறை வந்தபிறகு வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். நாலு நாள் வரிசையில் நின்றபிறகு ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி டாக்டர் என் அம்மாவுக்கு விளக்கினார்.

“புழு முட்டைம்மா. கழுவாத காயிலயோ தண்ணிலயோ உள்ள போயிருக்கும். ரத்தத்தோட மேல ஏறி மூளைல உக்காந்து செத்துப்போச்சு. இப்ப இருக்கறது வெறும் தழும்பு, சுண்ணாம்பு மாதிரி. மாத்திரை கரெக்டா குடுங்க, சரியாயிடும்.”

சரியாகிவிட்டது. பதிமூன்று வயதுக்குப் பிறகு எனக்கு ஒரு வலிப்பும் வந்ததில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே அம்மா எனக்குப் பாடம் எடுத்துவிட்டாள்.

“இன்னாத்துக்கு வேலூர் போனன்னு யார்னா கேட்டா காய்ச்சல்னு சொல்லு. வலிப்புன்னு வெளிய தெரிஞ்சுது, ஒருத்தனும் வேலை குடுக்க மாட்டான், பொண்ணும் குடுக்க மாட்டான். உங்கக்காவயும் எவனும் கட்டிக்க மாட்டான்.”

அம்மாவை நான் குறை சொல்லவில்லை, எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அதுதான் சட்டம். டி.பி. இருந்தால் மார்ச்சளி, வலிப்பு இருந்தால் காய்ச்சல். ஆஸ்பத்திரிச் சீட்டை அரிசி டின்னுக்குக் கீழே மறைப்பார்கள். எவன் வீட்டில் என்ன நோய் என்று தெருவுக்கே தெரியும், தெரிந்த எல்லோரும் தெரியாத மாதிரி நடிப்பார்கள். நான் அந்தப் பள்ளியில் நன்றாகவே தேறினேன்.

3

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதிய முறை ஒன்றைச் சோதிக்கவேண்டுமானால் ஆய்வுக்கூடத்தில் கைக்குக் கிடைத்தவனைப் பிடித்து இயந்திரத்துக்குள் படுக்கவைப்பார்கள். அவனுக்கு ‘ஆரோக்கியமான தன்னார்வலர்’ என்று பெயர். குடும்பம் இல்லாத, கேட்டால் மறுக்கத் தெரியாத, புதிதாக வந்த வெளிநாட்டுக்காரன்தான் எப்போதும் அந்தத் தன்னார்வலர்.

படுக்கும் முன் எட்டுப் பக்கப் படிவம். உடம்பில் இரும்பு இருக்கிறதா, பச்சை குத்தியிருக்கிறதா, எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா. ஆம் ஒரு கட்டம், இல்லை ஒரு கட்டம். நான் ‘இல்லை’யில் குறி போட்டேன். கையெழுத்திட்டு மூன்று பிரதி கொடுத்தேன். இந்த ஊரில் காகிதத்தில் இருப்பதுதான் உண்மை. காகிதத்தில் இல்லாததைக் கடவுளே வந்து சொன்னாலும் முத்திரை எங்கே என்று கேட்பார்கள்.

என் படத்தை நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. பார்த்தால் புள்ளி தெரியும், பக்கத்தில் நிற்கிறவன் என்னவென்று கேட்பான். ஊரான் மூளையை எல்லாம் வருஷக்கணக்காக அளந்தவன் தன் மூளையை மட்டும் கிடங்கில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

அந்த நாளில் இயந்திரத்தை இயக்கியவள் உர்சூலா. ஐம்பது வயது, கறாரான பெண். யாரைப் படுக்கவைத்தாலும் அவர்களின் வலது நெற்றிப்பொட்டில் ஒரு வைட்டமின் மாத்திரையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவாள். எண்ணெய் நிரப்பிய அந்தச் சின்ன மாத்திரை படத்தில் வெள்ளையாகத் தெரியும், அது இருக்கும் பக்கம் வலது. கம்ப்யூட்டர்தான் எழுத்துப் போட்டுக் கொடுக்கிறதே, இது எதற்கு என்று கேட்டேன்.

“எழுத்தை ஒரு மனுஷன் எழுதின நிரல் போடுகிறது. மாத்திரையை நான் போடுகிறேன்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் குழந்தைக்கு வைக்கும் திருஷ்டிப் பொட்டு மாதிரி இருக்கிறது என்று மற்ற மாணவர்களிடம் நக்கலடித்தேன். நக்கலோடு விட்டேனா? பிளாஸ்திரியை உரிக்கும்போது வயதானவர்களின் முடி பிய்கிறது, ஆளுக்கு மூன்று நிமிஷம் வீணாகிறது என்று இயக்குநருக்கு எழுதிக் கொடுத்தேன். நேரம் என்றால் இவர்களுக்கு உயிர். மாத்திரை நிறுத்தப்பட்டது. உர்சூலா மாத்திரை டப்பாவைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள்.

இயந்திரம் தரும் படத்தை நாங்கள் அளக்கும் முறைக்கு மாற்ற ஒரு நிரல் தேவைப்பட்டது. அதை நான் ஒரே மத்தியானத்தில் எழுதினேன். அந்த வேகத்தைப் பற்றிப் பல வருஷம் பெருமையடித்திருக்கிறேன். அடுத்து வந்த நோயாளிகள் அத்தனை பேரின் படமும், மாத்திரை இல்லாமல், அந்த நிரல் வழியாகத்தான் வந்தது. என் படமும் அப்படியே. அதில்தான் வலப்பக்கம் சுருங்குவதைக் கண்டுபிடித்தேன். பிற்பாடு வேறு ஊர்க்காரர்கள் இடப்பக்கம் என்று எழுதியபோது, அவர்கள் இயந்திரம் பழசு என்றேன். நான் சொல்லும் தோரணையில் அதற்கு மேல் ஒருவனும் வாய் திறக்கவில்லை.

4

என் ஞாபகம் சரிதானா என்று கேட்க, மறுநாள் காலை ஆம்பூருக்கு அக்காவைக் கூப்பிட்டேன். கஸ்தூரி அக்கா எனக்கு நாலு வயது மூத்தவள், ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். சாதாரணமாக நான் ஊருக்குப் போன் செய்வதில்லை, ஊர்தான் எனக்குச் செய்யும். பெரும்பாலும் வாட்ஸப்பில். ஸ்கேன் ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து படமெடுத்து, ‘பாத்து சொல்லுண்ணா’ என்று அனுப்புவார்கள். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பியிருக்கும். டாக்டரிடம் காட்டுங்கள் என்று எல்லோருக்கும் ஒரே பதிலை ஒட்டிவிட்டு, இந்த ஜனங்களுக்கு இடம் வலம்கூடத் தெரியாது என்று இங்கே உட்கார்ந்து சலித்துக்கொள்வேன்.

அங்கே மத்தியானம், அக்கா சாப்பாட்டு நேரத்தில் இருந்தாள்.

“இன்னாடா, வேலை நாள்ல போன் பண்ற? யாருக்குனா உடம்பு சரியில்லியா?”

“ஒண்ணுமில்லக்கா. சின்ன வயசுல எனக்கு வலிப்பு வருமே, எந்தக் கை இழுக்கும்?”

பின்னால் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து தள்ளிப் போனாள், குரல் தாழ்ந்தது. நாற்பது வருஷம் கழித்தும் அந்த ஒரு வார்த்தைக்குக் குரல் தாழ்கிறது.

“இப்ப எதுக்கு அது? திரும்ப வந்துச்சா?”

“இல்லக்கா. சும்மா சொல்லேன்.”

“சோத்தாங்கைதான். பென்சில் புடிக்க வராம ஒரு மாசம் உன் ஹோம்வொர்க்க நான்தான எழுதினேன்? உன் கையெழுத்து மாரி கோணலா வரணும்னு பீச்சாங்கைல எழுதினேன். அல்லாத்தயும் மறந்துட்டு ஒக்காந்திருக்கியா அங்க?”

“அந்த ஃபிலிம் இருக்கா?”

“எங்க இருக்கும்? சூரிய கிரகணம் பாக்கணும்னு நீதான கத்திரில வெட்டித் தெருவுக்கே குடுத்த!”

ஆமாம், கொடுத்தேன். என் மூளையின் வழியாகப் பேரணாம்பட்டில் பாதித் தெரு கிரகணம் பார்த்தது.

வலக்கை இழுத்தால் கோளாறு மூளையின் இடப்பக்கம். இது முதல் வருஷ மாணவனுக்கும் தெரியும். என் புள்ளி இடப்பக்கம்தான். படம் அதை வலப்பக்கத்தில் காட்டுகிறது.

எதிரே என் மகள் நிலா காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. தமிழ் கேட்டால் பாதி புரியும், பதில் ஜெர்மனில் வரும். சோத்தாங்கை என்றால் என்ன என்று கேட்டாள். சாப்பிடுகிற கை என்றேன். தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். இடக்கையில் முள்கரண்டி, வலக்கையில் கத்தி. “எது?” என்றாள். இந்தப் பிள்ளைக்கு நான் எந்தக் கையைக் காட்டுவது?

பிறகு, “உங்களுக்கு வலிப்பு இருந்ததா?” என்று கேட்டாள். இருந்தது என்றேன்.

“பள்ளிக்கூடப் படிவத்தில் வருஷா வருஷம் கேட்பார்கள், குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா என்று. நீங்கள்தானே இல்லை என்று போடச் சொன்னீர்கள்?” என்றாள். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். பொய்யை இரண்டு தலைமுறைக்கு நீட்டியிருக்கிறேன், அதையும் முறையாகக் கையெழுத்திட்டு.

5

இனி நிச்சயப்படுத்த ஒரே வழிதான். மருந்துக் கடையில் ஒரு டப்பா வைட்டமின் மாத்திரை வாங்கிக்கொண்டு போய், என்னைப் படமெடு என்று லேனாவிடம் சொன்னேன். அதே எட்டுப் பக்கப் படிவம் வந்தது. வலிப்பு வந்ததுண்டா? இந்தத் தடவை ‘ஆம்’ என்று போட்டேன்.

லேனா படித்துப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. “அப்படியானால் மருத்துவர் கையெழுத்து வேண்டும்” என்றாள்.

“சின்ன வயதில் வந்தது, லேனா. நாற்பது வருஷத்துக்கு முன்னால்.”

“படிவம் எப்போது என்று கேட்கவில்லை.”

பொய் சொன்னபோது ஐந்து நிமிஷத்தில் உள்ளே போனேன். உண்மையைச் சொன்னதும் மூன்று நாள் காத்திருக்கவேண்டியதாயிற்று. கையெழுத்துப் போடவேண்டிய மருத்துவர் விடுமுறையில் மலை ஏறப் போயிருந்தார். இந்த நாட்டில் எந்த அவசரமும் ஒருவரின் விடுமுறையைவிடப் பெரியது இல்லை.

செவ்வாய்க்கிழமை படுத்தேன். லேனா என் வலது நெற்றிப்பொட்டில் மாத்திரையை ஒட்டினாள். உள்ளே அந்த இடிச் சத்தத்தில் அசையாமல் கிடந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. எத்தனையோ கிழவர்களையும் கிழவிகளையும் அசையாதீர்கள் என்று உள்ளே அதட்டியிருக்கிறேன். அவர்களுக்குப் பயமாக இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

வெளியே வந்து திரையைப் பார்த்தேன். ஒரு பக்கம் வெள்ளையாக மாத்திரை. அதற்கு எதிர்ப்பக்கம் புள்ளி. சந்தேகமே இல்லை, இடது.

லேனா என் பழைய நிரலைத் தேடி எடுத்தாள். பத்து நிமிஷம்தான் ஆனது. ஒரு வரியில் ஒரு கழித்தல் குறி இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. அது இல்லாததால் இடது வலதாகியிருக்கிறது, வலது இடதாகியிருக்கிறது. அத்தனை நோயாளிகளுக்கும்.

“அப்படியானால் உங்கள் கட்டுரை…” என்று தொடங்கி நிறுத்தினாள். அவளுடைய ஆராய்ச்சியும் அந்தக் கட்டுரைமேல்தான் நிற்கிறது.

அந்த ஒரு நிமிஷம் என் மனம் போன போக்கைச் சொல்லிவிடுகிறேன். பழைய கதை, யாருக்குத் தெரியப்போகிறது? இவளுக்கு ஒரு நல்ல சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தால் சும்மா இருப்பாள். அம்மா பஸ்ஸில் சொன்னது காதில் அப்படியே கேட்டது, காய்ச்சல்னு சொல்லு.

“கட்டுரை போட்ட பத்திரிகைக்கு நீங்கள் எழுதுகிறீர்களா, நான் எழுதட்டுமா?” என்றாள் லேனா. இருபத்தைந்து வருஷமாக இந்த ஜனங்களின் பட்டவர்த்தனமான பேச்சை நான் வெறுத்து வந்திருக்கிறேன். நான்தான் எழுதவேண்டும் என்றேன்.

6

எழுத உட்கார்ந்தபோது இன்னொன்று ஞாபகம் வந்தது. அது வராமல் இருந்திருக்கலாம்.

எங்கள் உலகத்தில் ஒருவர் கட்டுரை அனுப்பினால், பத்திரிகை அதை வேறொருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும். கருத்து எழுதுகிறவன் பெயர் வெளியே தெரியாது. கொழுப்பெடுத்தவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு கட்டுரை எனக்கு வந்தது. முகவரியில் வேலூர் என்று இருந்தது. ஒரு சின்ன ஆஸ்பத்திரி, எழுதியவர் ஷகிலா என்ற ஸ்கேன் டாக்டர். மறதி நோயில் இடப்பக்கம்தான் முதலில் சுருங்குகிறது, என் கட்டுரையின் முடிவு தங்கள் படங்களில் வரவில்லை என்று மரியாதையாகவே எழுதியிருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் ஊர்ப் பெயரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பான். எனக்கு எரிச்சல் வந்தது. டியூப்லைட்டில் ஃபிலிமைப் பிடித்துப் பார்க்கும் கூட்டம் எனக்குப் பாடம் எடுக்கிறதா? நான் எழுதிய கருத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். இப்படி எழுதியிருக்கிறேன்:

“கட்டுரையாளர்களுக்கு முதலில் யாராவது இடது எது, வலது எது என்று கற்றுக்கொடுத்தால் நல்லது. நெற்றிப்பொட்டில் ஒரு மாத்திரையை ஒட்டுவது போன்ற எளிய முறைகள் உலகத்தில் இருப்பதை இவர்கள் கேள்விப்பட்டதில்லை போலும். வெளியிடத் தகுதியற்றது.”

மாத்திரை! எதை நக்கலடித்து நிறுத்தினேனோ அதையே எடுத்து அந்தப் பெண்ணின் தலையில் அடித்திருக்கிறேன். என்னைப்போல ஒரு அற்பனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இயக்குநரை, படிவங்களை, ஊர் வாட்ஸப்பை எல்லாம் இத்தனை வருஷம் ஏளனம் செய்தவன், அந்த ஏளனத்துக்கு மிகவும் பொருத்தமான ஆளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறேன்.

கட்டுரையின் முதல் பக்கத்தில் அவர் தொலைபேசி எண் இருந்தது. கூப்பிட்டேன்.

7

“வணக்கம் டாக்டர். நான் ஏழுமலை, ஜெர்மனிலேர்ந்து பேசறேன்.”

“எந்த… சார், நீங்களா? உங்க பேப்பர்லாம் படிச்சிருக்கேன் சார். நம்ம பேரணாம்பட்டுக்காரர்னு சொல்வாங்க. எங்க மாமு ஊடு அங்கதான் சார், பஜார் தெருல.”

குரலில் சந்தோஷம் இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே சொல்லவேண்டியதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது. என் கட்டுரை தப்பு என்றேன். நிரலில் இடமும் வலமும் மாறிவிட்டது, நீங்கள் எழுதியதுதான் சரி என்றேன்.

“அப்டியா சார்” என்றார்.

“இன்னொண்ணு இருக்கு டாக்டர். உங்க பேப்பர வேணாம்னு எழுதினது நான்தான்.”

அவர் யாரிடமோ, “அடுத்த பேஷண்ட்ட உள்ள உடாத, இரு” என்றார். கதவு சாத்தும் ஓசை கேட்டது.

“அந்த லெட்டர் நீங்களா சார்?”

“ஆமா.”

“மாத்திரை ஒட்டித்தான் சார் எடுத்தோம். ஒருத்தர் பாக்கியில்லாம அல்லாருக்கும். ரெண்டாவது படத்துலயே தெரியுமே. நீங்க பாக்கலியா?”

கட்டுரை என் முன்னால் திறந்தே இருந்தது. இரண்டாவது படத்துக்குப் போனேன். ஒரு கிழவரின் தலை. வலது நெற்றிப்பொட்டில், தோலுக்கு வெளியே, வெள்ளையாக ஒரு மாத்திரை, அவரைக்கொட்டை மாதிரி. கீழே ஒரு வரியில் அது என்னவென்றும் எழுதியிருந்தார்கள். இருபத்தைந்து வருஷம் படம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் அதைப் பார்க்கவில்லை. முகவரியைப் பார்த்தேன், படத்தைப் பார்க்கவில்லை.

“இப்பதான் பாக்கறேன்” என்றேன்.

“நான் அத சொல்லி பதில் எழுதினேன் சார். முடிவு முடிவுதான்னுட்டாங்க. எங்க சீஃப்பும், இவ்ளோ பெரிய எடத்துலேர்ந்து சொல்றாங்கன்னா தப்பு நம்ம மேலதான் இருக்கும், உடும்மானுட்டாரு. அப்புறம் எனக்கே டவுட் வந்துடுச்சு. பிளாஸ்திரி கழண்டு வுழுந்து வேற பக்கம் ஒட்டியிருப்போமோன்னு. அதோட பேப்பர் எழுதறத உட்டுட்டேன். காலைலேர்ந்து பேஷண்ட் லைன் நிக்குது, அதுவே ஜாஸ்தி. ஆனா அதுலேர்ந்து ரெண்டு மாத்திரை ஒட்றோம் சார். ஒண்ணு வுழுந்தாலும் ஒண்ணு இருக்கும்ல.”

வேலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், நான் எழுதிய மூன்று வரிக்காக, இத்தனை வருஷமாக ஒவ்வொரு நோயாளியின் தலையிலும் ஒரு மாத்திரை கூடுதலாக ஒட்டப்படுகிறது. ஒரு தப்பும் செய்யாதவர்கள் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்டேன். பத்திரிகைக்கு எழுதுகிறேன், உங்கள் கட்டுரையை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன் என்றெல்லாம் அடுக்கினேன். அவர் குறுக்கிட்டார்.

“அத அப்பறம் பாக்கலாம் சார். அந்த லெட்டர்ல பேர் இல்ல. யார்னு தெரியாம எத்தினி நாள் யோசிச்சிருப்பேன் தெரியுமா? இந்தத் தடவ பேர் போட்டு எழுதுங்க. வெக்கட்டுமா, பேஷண்ட் நிக்கறாங்க.”

வைத்துவிட்டார்.

அன்று மத்தியானமே எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்றும், நிரலை எழுதியவன் நான், மாத்திரையை நிறுத்தச் சொன்னவன் நான், இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டிய வேலூர்க் கட்டுரையைப் பார்க்காமலே தள்ளியவனும் நான் என்றும் எழுதினேன். ஆரோக்கியமான தன்னார்வலர் படிவத்தில் பொய் சொன்னதையும் சேர்த்தேன். அதைப் பத்திரிகையின் இணையப் படிவத்தில் ஏற்றவேண்டும். இவர்களிடம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் படிவம் உண்டு. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில், நான் தொடுவதற்கு முன்பே, முனுசாமி என்று தானாக வந்து நின்றது.

அழித்தேன். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த மரியாதை எல்லாம் அவர் பெயருக்குப் போனது, அதை நான் தடுத்ததில்லை. இதில் அவருக்குப் பங்கு கிடையாது. அவர் காலம் முழுக்க டிரம் ஓட்டினார், ஒரு தோலைக்கூட இடம் வலம் மாற்றி அனுப்பியதில்லை.

கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பிப் பார்த்தேன். குடும்பப் பெயர் கட்டாயம் என்று சிவப்பில் வந்தது. அங்கேயும் ஏழுமலை என்றே போட்டேன்.

ஏழுமலை ஏழுமலை. படிவம் ஏற்றுக்கொண்டது.